கரடி விடாதவர்

எங்கள் கட்டடத்தில் அவரைக் கரடி அண்ணை என்போம். நேரே கண்டால் வெறும் அண்ணை. அவர் வெளியே போய்க் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கரடி. பிரெஞ்சு பேசும் பனி ஊரில், கோட்-டே-நேஜ் பகுதியில் மூன்று மாடிச் செங்கல் கட்டடம். பன்னிரண்டு வீட்டில் ஏழு வீடு யாழ்ப்பாணத்து ஆட்கள். அவர் குடிவந்த புதிதில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் யாரோ, "சனி ஞாயிறில என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டார்கள். "கரடி சுடப் போறனான்" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கரடி விடுகிறவன்கூட இப்படிக் கரடியையே பிடித்து விடமாட்டானே! அவர் கோபப்படவில்லை. சிரிப்பு அடங்கும்வரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடங்கியதும், "வருசத்துக்கு ஒண்டுதான் சுட விடுவாங்கள்" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அதிகம் சிரித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அவர் வாயில் ஓயாமல் வரும் சொல் 'பொறு'. இல்-பிசார் தீவுக்குள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார், மஞ்சள் பஸ். ஒருநாள் நான் அங்கே ஒரு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அவருடைய பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையில் சமையல் வேலை. ஓடர் வந்தால் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். பஸ்ஸில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அது மின்னினால் பின்னால் நிற்கிறவர் தாண்டக்கூடாது. பிள்ளை இறங்கியது, ரோட்டைக் கடந்தது, வீட்டுக்குள்ளும் போய்விட்டது. பஸ் அசையவில்லை. வண்டிக்குள் இருநூறு ரோல்ஸ் ஆறுகிறது. ஹோர்னை அழுத்திப் பிடித்தேன். அன்று பின்னேரம் கதவைத் தட்டினார். "ஹோர்ன் அடிச்சது நீதானே? அந்தப் பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியை விட்டிட்டு இறங்கினது. திரும்பி ஓடி வரும் எண்டு பொறுத்தனான்" என்றார்.

"வந்ததோ?"

"ஓம். நீ ஹோர்ன் அடிக்கேக்கதான் வந்தது."

இதைச் சொல்லத்தான் வந்திருந்தார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொறுமைசாலி என்று நினைத்துவிடக் கூடாது. அவரிடம் இருந்தது பயம். அது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

கீழ்த்தளத்தில் அவரும் அக்காவும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. படி ஏற வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த வீட்டை எடுத்திருந்தார்கள். வந்தபோது அக்கா கைத்தடியோடு நடந்தார். அடுத்த வருடம் தள்ளுநாற்காலி. அதற்கடுத்த வருடம் கரண்டியைக் கையில் பிடிக்க முடியவில்லை. நரம்பில் வருகிற வருத்தம். தசைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோர்ந்துபோகும். காலில் தொடங்கி மேலே ஏறும், ஏறிக் கடைசியில் மூச்சுக்கு வரும். மருந்து கிடையாது. காலையில் பராமரிப்புக்கு ஒரு பெண் வருவாள். மற்ற நேரமெல்லாம் அவர்தான் தூக்கி இருத்துவார், தூக்கிக் கிடத்துவார். பனிக்காலத்தில் எங்கள் வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை நிலம் பார்த்து நிலம் பார்த்து, கால் பதித்துக் கால் பதித்துப் போவார். ஒருமுறை நான் கிண்டல் பண்ணினேன். "என்ன அண்ணை, கண்ணிவெடியோ?"

"எனக்கு ஒண்டு நடந்தா அவவை ஆர் தூக்கிறது?" என்றார். அதன்பிறகு நான் அந்தக் கிண்டலைச் செய்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதர் கரடி சுடப் போனார் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு ஞாயிறு பின்னேரம் கடையின் பின்கதவால் வந்து, ஒரு வாளியையும் பெரிய பை ஒன்றையும் சமையல் மேசையில் வைத்தார். பையில் இறைச்சி. வாளியில் வெள்ளை வெளேரென்று கொழுப்பு. "முதலாளி போயிட்டாரோ? இதை உருக்க வேணும். வீட்டில உருக்கினா அவவுக்கு மணம் ஒத்துவராது" என்றார். அன்றைக்கு நின்றது என் சிரிப்பு.

அக்கா முல்லைத்தீவுப் பக்கத்துக்காரி. அங்கே காட்டோரத்து ஆட்கள் வாதம் பிடித்த காலுக்குக் கரடி நெய் பூசுவார்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். பஸ் டிப்போவில் ஒரு மெக்கானிக், கெபெக்குவா கிழவர், இந்த மண்ணிலேயே பிறந்த பிரெஞ்சுக்காரர், பரம்பரை வேட்டைக்காரர். அவரும் தங்கள் ஊரில் மூட்டுப் பிடித்தால் கரடிக் கொழுப்புத்தான் என்றிருக்கிறார். உலகத்தின் இரண்டு மூலையில் இருக்கிறவர்கள் ஒரே புளுகைச் சொன்னால் அது மருந்தாகிவிடுகிறது. அண்ணை வகுப்புக்குப் போய், துவக்கு அனுமதிக்குச் சோதனை எழுதி, பாஸ் பண்ணி, அந்த மெக்கானிக்கின் காட்டுக் காணியில் போய் உட்காரத் தொடங்கினார். இலையுதிர் காலத்தில் மட்டும். வசந்தத்தில் கரடி தூக்கத்தால் எழும்பி வற்றிப்போய் இருக்கும், கொழுப்பு இராது என்பார்.

இறைச்சியை மூன்று மணி நேரம் வேகவைக்கச் சொன்னார். நான் ஆட்டிறைச்சி மாதிரி எடுத்துப் பிரட்டப் போனேன், கையைப் பிடித்தார். "பொறு. சிவப்பு ஒரு இடத்திலயும் இருக்கக்கூடாது. உதுக்குள்ள புழு இருக்கும். ஃபிரீசரில வைச்சாலும் சாகாது, வத்தல் போட்டாலும் சாகாது." அந்தக் கறியை ஏழு வீட்டில் ஒரு வீடும் வாங்கவில்லை. கரடி அண்ணை மாட்டிறைச்சியைக் கரடி என்று விடுகிறார் என்றார்கள்.

கோயில் கதையையும் சொல்ல வேண்டும். நவராத்திரிக்கும் வேறு விசேசங்களுக்கும் கோயில் மடைப்பள்ளியில் சக்கரைப் பொங்கல், எங்கள் பேச்சில் சக்கரைப் புக்கை, பொங்குவது நான். எனக்கு மற்ற எதுவும் வரும், புக்கை மட்டும் அடிப்பிடிக்கும். அண்ணை ஒவ்வொரு முறையும் வாளியோடு வந்து அந்தக் கருகலைச் சுரண்டிக் கேட்பார். "ஆருக்கு?" என்று கேட்டால், "கரடிக்கு" என்பார். மடைப்பள்ளியே சிரிக்கும். உண்மையில் கரடிக்கு அதைவிட வேறு ஒன்றும் வேண்டாம். கரடியை வரவழைக்க முதலில் பொரித்த ரோல்ஸ் வைத்துப் பார்த்தாராம், ஒரு கடி கடித்து மிளகாய் உறைப்பில் துப்பிவிட்டுப் போயிற்றாம். கருகின சக்கரை மணம் காட்டுக்குள் தூரத்துக்கு இழுபடும். "வடிவான புக்கைக்குக் கரடி வராது. உன்ர புக்கைக்குத்தான் வரும்" என்று என்னைப் பாராட்டினார்.

ஒருமுறை கோயில் செயலாளர் இதை உண்மையென்று நம்பிவிட்டார். என்னைத் தவிர நம்பிய ஒரே ஆள். வாசலில் வைத்தே பிடித்தார். "சாமிக்குப் படைச்சதை வைச்சு உயிர்க்கொலை செய்யிறியோ? வெக்கமில்லையோ?"

அண்ணை அவர் பேசி முடியும்வரை பொறுத்தார். "படைச்சது ஒரு பருக்கையும் எடுக்கேல்லை ஐயா. படைக்க முதல் வேற பானைக்கு மாத்திப்போட்டு, சட்டியில ஒட்டினதைத்தான் எடுக்கிறனான். இவரைக் கேளுங்கோ." என்னைக் காட்டினார். அது உண்மை. ஒவ்வொரு முறையும் பானை மாற்றும்வரை வெளியே நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார். செயலாளர் ஆறவில்லை. அடுத்த விசேசத்திலிருந்து கருகலும் கிடையாது என்றார். பிறகு நான் கடையிலேயே வேண்டுமென்று அடிப்பிடிக்க வைத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது வருடம் மெக்கானிக்குக்கு முழங்காலில் ஒப்பரேசன். தனியாகப் போக அக்கா விடவில்லை. கரடி என்றால் என்னவென்று முல்லைத்தீவுப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். முகம் கிழிபட்டவர்களைச் சிறு வயதில் கண்டவர். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீர் கூடப் போம். இவரைக் கவனமாக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது உம்முடைய பொறுப்பு" என்றார். நாய் குரைத்தால் ரோட்டின் மறுபக்கம் போகிறவன் நான். ஆனால் அந்த நாற்காலியில் இருந்துகொண்டு ஒருத்தி கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? நாங்கள் போகிற நாட்களில் என் மனைவி கீழே போய் அக்காவோடு நிற்பாள்.

வடக்கே மூன்று மணி நேர ஓட்டம். மோன்-லொரியே தாண்டி, பிறகு மண் ரோட்டு. ஒரு மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய தகரப் பீப்பா, அதற்குள் என் புக்கை. காற்று எங்களிலிருந்து பீப்பாவுக்குப் போகாத திசையில் இரண்டு பேர் இருக்கக்கூடிய பரண். தன்னுடையதைப் போலவே எனக்கும் ஒரு பளிச்சென்ற ஆரஞ்சு, தோடம்பழ நிற வேட்டைச் சட்டை மாட்டி, இடுப்பில் பட்டி கட்டி, மரத்தோடு கொழுவினார். "விழமாட்டன் அண்ணை" என்றேன். "விழுறவன் எல்லாம் உதைத்தான் சொன்னவன்" என்றார். வெறும் துவக்கைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தெடுத்த பிறகுதான் தோட்டா போட்டார். பிறகு ஐந்து மணி நேரம். இருமக்கூடாது, பேசக்கூடாது.

நாலு மணி போல ஒன்று வந்தது. அவ்வளவு கறுப்பை நான் கண்டதில்லை. வந்த சத்தமே இல்லை. அவர் சுடவில்லை. விரலால் பொறு என்று காட்டினார். கொஞ்சத்தில் பின்னால் இரண்டு குட்டிகள் வந்தன. மூன்றும் சாப்பிட்டு முடித்து, ஆறுதலாகப் போயின. அடுத்த நாள் மத்தியானம் வேறொன்று. தனி. முதுகு பீப்பாவின் விளிம்புக்குச் சரியாக நின்றது, பெரியதுதான். அப்போதும் பொறுத்தார். அது முன்னங்காலை முன்னே வைத்து, தோளுக்குப் பின்னால் இடம் திறந்தபோது ஒரேயொரு வெடி. கரடி பற்றைப் புதருக்குள் பாய்ந்தது. பற்றை முறியும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

நான் இறங்க எழும்பினேன். தோளில் அழுத்தி இருத்தினார்.

"பொறு. அரை மணித்தியாலம்."

"ஏன் அண்ணை? செத்திட்டுதே."

"செத்தது எண்டு நீ நினைக்கிறாய். அதுக்கு இன்னும் தெரியாது. இப்ப போனா எழும்பி ஓடிப் போய் எங்கையோ கிடந்து சாகும், இல்லாட்டி உனக்கு மேல பாயும். அதைத் தன்பாட்டில விடவேணும்."

மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டார். அந்த அரை மணி நேரத்தில் கிசுகிசுக்கலாம். பேசாமல் இருக்க எனக்கு ஏலாது, அதனால் கேட்டுவிட்டேன். "நெய் வேலை செய்யுமோ அண்ணை?"

பற்றையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"டொக்டர் பிரெஞ்சிலதான் சொன்னவர். அவவுக்கு நான்தான் மொழிபெயர்த்தனான். பலம் குறைஞ்சுகொண்டு போகும், கடைசியில மூச்சும் குறையும் எண்டு சொன்னவர். நான் திரும்பி அவவிட்டை, 'காலம் போகப் போகக் குறையும் எண்டு சொல்லுறார்' எண்டனான். பொய் சொல்லேல்லை. எது குறையும் எண்டு சொல்லேல்லை, அவ்வளவுதான். வருத்தம் குறையும் எண்டு எடுத்திட்டா. சிரிச்சா. அதுக்குப் பிறகு என்னண்டு திருத்திறது?"

"அப்ப நெய்?"

"அவ நம்பிறா. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும், சொல்லு?"

அரை மணி முடிந்ததும் இறங்கினோம். நாற்பது அடி தூரத்தில் கிடந்தது. பின்பக்கமாகப் போய், நீளத் தடியால் அதன் கண்ணைத் தொட்டார். இமைக்கவில்லை. "இப்ப சரி" என்றார்.

அடுத்த வாரம் இடியப்பமும் சொதியும் கொடுக்கக் கீழே போனேன். அண்ணை பஸ்ஸில். அக்காவுக்குக் காலில் அந்த நெய் பூசிக் கம்பளியால் சுற்றியிருந்தது. அறை முழுக்க ஈர நாய் மணம். நான் மூக்கைச் சுளித்திருப்பேன் போல. அக்கா சிரித்தார்.

"நாறுது, என்ன? எனக்கு வயித்தைப் பிரட்டும். வெள்ளிக்கிழமையும் பூசிவிடுவார். வெள்ளி சைவமெண்டும் நான் சொல்லிறேல்லை."

"குணமா இருக்கோ அக்கா?" என்று கேட்டேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"உதில என்ன குணம் வரும், தம்பி? டொக்டர் சொன்ன நேரம் அவரின்ர முகத்தை நான் பாத்தனான். பிரெஞ்சு விளங்காட்டி முகமும் விளங்காதோ? குறையும் எண்டார். எது குறையும் எண்டு நான் கேக்கேல்லை. கேட்டா அவர் சொல்லவேண்டி வரும், பாவம். வருசத்தில உந்தக் கொஞ்ச நாள்தான் அந்த மனிசன் என்னைத் தூக்காமல் எங்கையாவது போய் இருக்குது. போகட்டும்."

நான் இடியப்பத்தை வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். ஒரே வீட்டில், ஒரே சொல்லை நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். சொல்லவா வேண்டாமா என்று ஒரு வருடம் யோசித்தேன். சொன்னால் இருவருக்கும் இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். கோழைக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

கடைசி இலையுதிர் காலத்தில் அக்காவால் ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. அண்ணை போகத் தயங்கினார். வாசலில் நான் நிற்கிறேன், என் மனைவி அக்காவின் தலையணையைச் சரிசெய்கிறாள்.

"இந்தமுறை விடுவம் எண்டு பாக்கிறன்" என்றார் அண்ணை.

"போயிட்டு வாங்கோ" என்றார் அக்கா. மூச்சு எடுத்தார். "போன வருசத்து நெய்... முடியுது."

குளிர்பெட்டிக் கதவு திறந்து கிடந்தது. போன வருடத்துப் போத்தல் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவர் கண்ணிலும் அது பட்டிருக்கும். "ஓம், உமக்குக் காணாதுதான்" என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பிக்கப்பில் போய் ஏறிக்கொண்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் கரடி வந்தது. எல்லாம் சரியாக நடந்தது. காற்று சரி, இடம் சரி, ஒரே வெடி. அரை மணி பொறுத்தோம். தடியால் கண்ணைத் தொட்டு, வயிற்றைத் திறந்து, பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் இழுத்துப் பிக்கப்பில் ஏற்றி, தார்ப்பாயால் மூடி, மண் ரோட்டைக் கடந்து, சுட்ட கரடியை அரசாங்கக் கணக்கில் பதிகிற பெற்றோல் ஸ்ரேசனில் நிறுத்தினோம். அங்கேதான் தொலைபேசிக்குச் சிக்னல் வரும். வந்தது. என் மனைவியிடமிருந்து ஆறு அழைப்பு, மத்தியானத்துக்கு முன்னம் விட்ட ஒரு குரல்செய்தி. மூச்சு இழுத்ததாம், அம்புலன்ஸ் வந்து கொண்டுபோய்விட்டதாம், கெதியாக வரட்டாம்.

அவர் வேக எல்லையான நூறுக்கு மேல் ஒரு புள்ளி போகவில்லை. ஊருக்குள் வந்து 'அரே' என்று எழுதிய ஒவ்வொரு நிறுத்தப் பலகையிலும் முழுதாக நிறுத்தி, இடம் பார்த்து, வலம் பார்த்து எடுத்தார். நான் கத்தினேன். "பொறு. நாங்கள் அடிபட்டா அவவை ஆர் பாக்கிறது?" என்றார்.

வாகனத் தரிப்பில் கரடியோடு பிக்கப்பை விட்டுவிட்டு உள்ளே ஓடினோம். அந்தத் தோடம்பழச் சட்டையைக் கழற்ற அவருக்கு நினைவில்லை. நடைபாதையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் டொக்டர் வந்து, மெல்லிய பிரெஞ்சில், சுருக்கமாகச் சொன்னார். ஒரு மணி போலப் போய்விட்டாராம். அந்த நேரம் நாங்கள் மரத்தில் இருந்தோம். வெடிக்கு முன்னமா பின்னமா என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. என் மனைவி சுவரோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று டொக்டர் கதவைக் காட்டினார்.

அண்ணை கதவுக்கு வெளியே கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பொறு" என்றார். "அரை மணித்தியாலம்."

டொக்டர் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். கடையில் பழகிய பிரெஞ்சு எனக்கு. அவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டுமாம் என்றேன். டொக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், பற்றையைப் பார்ப்பது போல. பாதி நேரம் போயிருக்கும்.

"தம்பி."

"ஓம் அண்ணை."

"எது குறையும் எண்டு... அவவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியிருக்கக்கூடிய ஒரு வருடம் என் கையில் இருந்தது. அன்றைக்கு அவர் மரத்தில் இல்லாமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அதைக் கெடுத்தவன் நான். அதை இனி எதைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பது?

"இல்லை அண்ணை" என்றேன். "அவ கடைசி மட்டும் நெய்யைத்தான் நம்பினவ. என்னட்டையே சொன்னவ, கால் இளகுது எண்டு."

தலையை ஆட்டினார். நம்பினாரா தெரியாது. மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் சரியாக வந்ததும் எழும்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு புரோசார்ட் பக்கம் போய்விட்டார். அதன்பிறகு காட்டுக்குப் போகவில்லை என்று கேள்வி. எங்கள் கட்டடத்தில் இன்னும் அவர் பேச்சு வந்தால் கரடி அண்ணை என்றுதான் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. அவர் விட்டது ஒரேயொரு பாதிக் கரடி, அதுவும் பெண்சாதிக்கு. முழுக் கரடி விட்டவன் இரண்டாம் மாடியில் இருக்கிறேன்.